ஆறு பேருக்கு ஓர் அறிமுகம்

வேலைக்குச் சேர்ந்த அன்று காலை எம்.டி. என்னை அந்த ஆறு பேர் உட்கார்ந்திருந்த அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் சிக்னலில் நிற்கிற வண்டிகளின் ஹார்ன் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. மூடினால் அந்தப் பழைய ஏசி போதாது. மூடித்தான் வைத்திருந்தார்கள்.

"இவங்க உங்களுக்குப் புது ஃபிரேம்வொர்க்கை அறிமுகப்படுத்த வந்திருக்காங்க," என்றார் எம்.டி. "நல்லாச் சொல்லிக் கொடுப்பாங்க. கத்துக்கிட்டா உங்களுக்கு நல்லது. கத்துக்கலைன்னாலும் எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவரைப் போல எப்போதும் மெதுவாகப் பேசுவார். ஆறு பேரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் 'வணக்கம்' சொன்னபோது ஒருவர் மட்டும் நிமிர்ந்தார்.

தி. நகரில் புடவைக் கடை, நகைக் கடை, பாத்திரக் கடை வைத்திருப்பவர்களுக்கு பில் போடவும் சரக்குக் கணக்குப் பார்க்கவும் மென்பொருள் செய்து கொடுக்கிற கம்பெனி அது. அந்த ஆறு பேரும் சேர்ந்து எழுதிய பழைய புரோகிராம்தான் பல வருஷங்களாகக் கடைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது கடையில் இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். இப்போது முதலாளிகள் வேறு மாதிரி கேட்டார்கள். சொந்த ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருக்கும்போதும் உஸ்மான் ரோட்டுக் கடையில் எந்தப் புடவை போகிறது என்று ஃபோனில் தெரிய வேண்டும். அதனால் முழுவதையும் பிரவுசருக்குள் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறை தொடும்போதும் பக்கம் வெளுத்துப்போய் மறுபடி வருகிற சாதாரண இணையப் பக்கமாகவும் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டரிலேயே ஏற்றி வைத்த புரோகிராம் மாதிரி, தொட்ட இடம் தொட்டவுடன் மாற வேண்டும். அப்படிப்பட்டவற்றைச் செய்வதற்கென்றே வந்தது அந்த ஃபிரேம்வொர்க். எனக்கு அது நன்றாகத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள்.

எங்கள் வீடு சாந்தோமில். அம்மா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா, சித்தி, அத்தை எல்லோரும் டீச்சர்கள். அந்த வேலை வேண்டாம் என்றுதான் நான் கம்ப்யூட்டர் பக்கம் போனேன். பாடம் எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அடுத்தவங்களுக்குப் புரியலைன்னா கோவப்படாத. அது ஒண்ணுதான் நான் உனக்குச் சொல்லணும்," என்றார்.

முதல் நாளே அறையின் ஓரத்தில் ஒரு ஸ்டாண்டில் கேமரா வைத்திருந்தார்கள். எதற்கு என்று எம்.டி.யிடம் கேட்டேன். "ஒருநாள் யாராவது லீவு போட்டா பின்னால பாத்துக்கலாம்ல," என்றார். நியாயமாகத்தான் பட்டது.

ஃபிரேம்வொர்க் என்றால் என்ன என்பதை எங்கிருந்து தொடங்குவது என்று நிறைய யோசித்து வைத்திருந்தேன். "இதுவரைக்கும் நீங்க எழுதின புரோகிராம்ல நீங்கதான் முதலாளி," என்றேன். "எது முதல்ல, எது அப்புறம்னு நீங்கதான் சொல்வீங்க. இதுல அப்படி இல்ல. நீங்க துண்டு துண்டா எழுதிக் குடுத்துடுவீங்க. எந்தத் துண்டை எப்பக் கூப்பிடணும்னு ஃபிரேம்வொர்க் முடிவு பண்ணும்."

முதலில் நிமிர்ந்து பார்த்த ஆள் கையைத் தூக்கினார். வடபழனிக்காரர். அவருடைய அப்பா ஸ்டூடியோக்களில் லைட் பிடித்தவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எந்த இடத்திலும் எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவார்.

"இன்னா மேடம், எழுதி வச்சுட்டு அது எப்பக் கூப்டும்னு காத்துக்கினு இருக்கணுமா? ஆபீஸ்லதான் நம்ம பொழப்பு அப்டி கீதுன்னு பாத்தா, புரோகிராம்லயும் அப்டித்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அந்த அறை கொஞ்சம் இளகியது.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். ஆறு பேரில் ஒரே பெண், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். மயிலாப்பூர். அலுவலகத்தில் எல்லோரும் அவரை மாமி என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அது பிடிக்காது என்பது கூப்பிடும்போது அவர் முகம் போகிற போக்கிலேயே தெரியும். நான் அக்கா என்றேன்.

"எனக்கு ஒண்ணு புரியலை," என்றார் அக்கா. "ஒரு புடவை வித்துதுன்னா இருப்பு குறையறது. திரையில இருக்கற எண்ணை நான்தானே போய் அழிச்சு மாத்தி எழுதணும்? நான் எழுதாம அது எப்படி மாறும்? யார் சொல்றா அதுகிட்ட?"

"இருப்பு எங்க இருக்கு, திரையில எந்த இடத்துல தெரியணும்னு ரெண்டையும் இணைச்சு விட்டாப் போதும்க்கா. இருப்பு மாறினா அந்த இடத்தை மட்டும் அதுவே மாத்திக்கும்."

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"எப்படித் தெரியணும்னு சொல்றதுதான் வேலை."

"இத்தனை வருஷமா ஒவ்வொண்ணையும் கையப் பிடிச்சுக் கூட்டிண்டு போயிருக்கேன். திடீர்னு கையை விடுங்கறே," என்றார். குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துச் சொன்னார். அந்த ஃபிரேம்வொர்க்கைப் பற்றி அவ்வளவு சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பயிற்சிக்கு என்ன உதாரணம் எடுப்பது என்று நான் எம்.டி.யிடம் கேட்டபோது அவரிடம் பதில் தயாராக இருந்தது. "வேற உதாரணம் எதுக்கு? பழைய புரோகிராம்ல அவங்கவங்க எழுதின பகுதியையே எடுத்துப் புதுசா பண்ணட்டும். ஏன் அப்படி எழுதினாங்கன்னு காரணத்தோட எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். மத்தவங்களுக்கும் புரியும்." நல்ல யோசனை என்று நினைத்தேன்.

அக்காவின் பகுதி, விற்ற சரக்கு திரும்பி வருவது. கேட்பதற்கு எளிதாகத் தெரியும். ஆடித் தள்ளுபடியில் வாங்கிய புடவையை ஆவணியில் கொண்டுவந்து மாற்றினால் எந்த விலையைப் பிடிப்பது? ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டுத் திருப்பினால்? ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கொடுத்ததில் ஒன்று மட்டும் திரும்பி வந்தால்? ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு வழக்கம். எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கேமராவும் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் எம்.டி. வந்து உட்காருவார். அவரவர் செய்ததைப் பெரிய திரையில் காட்ட வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை அவர் அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டார். அக்கா தன் இடத்தில் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனால் பெரிய திரையில் ஒன்றும் வரவில்லை. வெறும் வெள்ளை. எங்கோ ஒரு பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அப்படி ஆகும். பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

நான் எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க," என்றார் எம்.டி. "நீங்க சொல்லிக் குடுத்தாச்சு. இனிமே அவங்கதான் பண்ணணும்." பிறகு அக்காவிடம், "அவசரமே இல்ல. நாங்க இருக்கோம்," என்றார்.

அக்கா நின்றபடியே லேப்டாப்பின் மேல் குனிந்து தேடினார். நாற்காலி கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் பயமாக இருந்தது. டீ வந்தது. ரிசப்ஷனில் இருக்கிற பெண் தட்டில் கொண்டுவந்து ஒவ்வொருவராகக் கொடுத்தாள். அக்கா பக்கம் போனபோது எம்.டி. கையைக் காட்டி நிறுத்தினார். "அவங்களுக்கு வேணாம்மா. அவங்க வேலையா இருக்காங்க."

வடபழனிக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். எம்.டி. சிரிக்கவில்லை. அவர்கள் சிரிப்பதைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தார். அக்காவின் கழுத்தில் வியர்வை இறங்கி ரவிக்கையின் பின்பக்கம் நனைந்துபோனது. தவறு என்ன என்பதை அவரே கண்டுபிடித்தார். திரையில் பக்கம் வந்ததும் நிமிர்ந்து எம்.டி.யைப் பார்த்தார்.

"பரவாயில்லையே," என்றார் எம்.டி. "கடைக்காரர் கவுன்ட்டர்ல கஸ்டமரை நிறுத்தி வச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் காத்திருப்பார்னு நினைக்கிறேன்." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மற்ற ஐந்து பேரின் வேலையை அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

படிக்கட்டில் இறங்கும்போது அக்கா என்னிடம், "காத்தால ஆபீஸுக்கு முன்னாடி எங்காத்துக்கு வரியா?" என்று கேட்டார். "எனக்கு மொத்தமும் மொதல்லேர்ந்து வேணும்."

மறுநாளிலிருந்து போனேன். தெற்கு மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. சமையலை முடித்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவருடைய கணவர் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டு, எங்கள் காதில் விழுகிற மாதிரிப் பேசுவார்.

"இந்த வயசுல இவ புதுசா கத்துண்டு என்ன பண்ணப் போறாளாம்? நாளைக்கு அதுவும் மாறிடும். மறுபடி யாரையாவது ஆத்துக்கு அழைச்சுண்டு வருவா."

அக்கா திரும்பவே மாட்டார். "அவர் பேசிண்டே இருப்பார். நீ சொல்லு," என்பார்.

ஒருநாள் காலை அவர் செய்த திரையை இரண்டு கருவிகளில் திறந்து வைத்தோம். லேப்டாப்பில் ஒன்று, என் ஃபோனில் ஒன்று. லேப்டாப்பில் ஒரு புடவையை விற்றதாகப் பதிந்தார். மேஜையின் அந்தப் பக்கம் கிடந்த என் ஃபோனில் இருப்பு ஒன்று குறைந்தது. அக்கா ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் இதைத் தொடவே இல்லையே!" என்றார். மறுபடி பதிந்தார். மறுபடி குறைந்தது. இல்லாத புடவைகளை எல்லாம் விற்றுத் தீர்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏன்னா, இங்க வந்து பாருங்கோளேன்," என்று கணவரைக் கூப்பிட்டார்.

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? எண்ணு குறையறது. அவ்வளவுதானே," என்றார் அவர் பேப்பரைத் தாழ்த்தாமல்.

அக்காவின் சிரிப்பு போய்விட்டது. ஆனால் வேலை கைவந்துவிட்டது. அடுத்த சில வாரங்களில் ஆறு பேரிலேயே அவர்தான் நன்றாகச் செய்தார். வடபழனிக்காரரே அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். "மாமி, இங்க இன்னா தப்புன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று நிற்பார். அக்கா பார்த்துச் சொல்வார். டீயைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

இன்னொரு வெள்ளிக்கிழமை எம்.டி. தி. நகர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவரை அழைத்து வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தென்பக்கத்துப் பேச்சு. அக்காவின் திரையைத்தான் காட்டினார்கள். ஆடி மாதப் புடவையை ஆவணியில் திருப்புவது, வெட்டிய துணி, இலவசத்தில் ஒன்று திரும்புவது, எல்லாம் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடியது. பெரியவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க கடை வழக்கம் அப்படியே இருக்கே! ஏ, நல்லா இருக்கு வே. யாரு செஞ்சது இத?"

"யாரும் செய்ய வேணாம் அண்ணாச்சி," என்றார் எம்.டி. "புது ஃபிரேம்வொர்க். எல்லாம் அதுவே பாத்துக்கும்."

பெரியவர் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த அக்காவைப் பார்த்தார். "அப்ப இந்த அம்மா?"

"அவங்க பட்டனை அமுக்கிக் காட்டுறாங்க."

அக்கா பட்டனை அமுக்கி அடுத்த பக்கத்தைக் காட்டினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

அதற்கடுத்த வாரம் எம்.டி. என்னைக் கூப்பிட்டு, "அடையாறுல நமக்கு இன்னொரு இடம் இருக்கு. அங்க பசங்களுக்கு ஏதோ சந்தேகமாம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க," என்றார். அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடி. வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே போகும் முன்பே என் குரல் கேட்டது. 'எப்படித் தெரியணும்னு சொல்றதுதான் வேலை' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லூரியை முடித்து இப்போதுதான் வந்த பிள்ளைகள், பையன்களும் பெண்களுமாக, சுவரில் மாட்டிய டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் அந்த அறை, நான், அந்த ஆறு பேர்.

என்னைக் கண்டதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "மேம்! நீங்களா!" சினிமாவில் பார்த்த ஆளை நேரில் பார்க்கிற மாதிரி முகங்கள்.

"உங்க கிளாஸ் சூப்பர் மேம்," என்றாள் ஒரு பெண். "எங்களுக்கு என்ன டவுட் வருமோ அதையெல்லாம் அந்த ஆன்ட்டியே கேட்டுடறாங்க."

"அந்த வெள்ளை ஸ்க்ரீன் எபிசோட்தான் மேம் பெஸ்ட்," என்றான் இன்னொருவன். அக்காவைப் போலவே குனிந்து, கண்ணைச் சுருக்கி, விரலால் தேடிக் காட்டினான். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. டிவியில் வருகிற ஆள் ஒரு நிஜ ஆள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

"என்ன சந்தேகம்?" என்று கேட்டேன். என் குரல் டிவியில் இருந்த குரலைப் போல இல்லை.

"பழைய பில் எதுவும் இல்லாம சரக்கு திரும்பி வந்தா என்ன பண்றதுன்னு ஆன்ட்டி பாதியில விட்டுட்டாங்க மேம். அதை அவங்ககிட்ட கேட்டு ரெக்கார்டு பண்ணிடுங்க. நாங்க அடுத்த மாசம் தேனாம்பேட்டை வந்துடுவோம். அங்க சீட்டெல்லாம் காலியாகுதுன்னு சார் சொன்னார்."

திரும்பி வந்த பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். மதியச் சாப்பாட்டு வேளையில் ஆறு பேரிடமும் பார்த்ததைச் சொன்னேன். வகுப்பு அவர்களுக்காக நடக்கவில்லை, அவர்களை வைத்துக்கொண்டு வேறு ஆட்களுக்காக நடக்கிறது என்றேன். பிள்ளைகள் சிரித்ததை மட்டும் சொல்லவில்லை. ஒருவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். அக்கா தொடர்ந்து சாப்பிட்டார். வடபழனிக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். அவர் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வடபழனிக் கோயிலுக்குப் பக்கத்திலேயே மண்டபம் பிடித்திருந்தார். கை கழுவப் போனவர் சாப்பாட்டு அறைக்குத் திரும்பவில்லை.

மறுநாள் காலை எம்.டி. எல்லோரையும் அந்த அறைக்குக் கூப்பிட்டார்.

"மேடம் நேத்து உங்ககிட்ட ஒரு விஷயம் சொன்னாங்களாம்," என்றார். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க. இந்த மாசத்தோட ஆறு பேருக்கும் இங்க வேலை இல்ல. மேடத்துக்கும் இல்ல. அதான் ரெக்கார்டிங் இருக்கே." பிறகு வடபழனிக்காரரின் தோளில் கை வைத்தார். "இவர்தான் வந்து என்கிட்ட சொன்னார். இப்படி விசுவாசமா ஒருத்தர் இருக்கறது பெரிய விஷயம். ரொம்ப நன்றி." கையை எடுத்தார். "வேலை இல்லைன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான்."

அந்த முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

"எங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்," என்றேன். "இவங்க நிஜமாவே கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டாங்க."

"நீங்க டீச்சர் வீட்டுப் பொண்ணு. உங்களுக்குத் தெரியாதா?" என்றார் அதே மெதுவான குரலில். "யாரும் கேள்வி கேக்காம எடுத்த பாடம் யாருக்கு ஏறும்? இவங்களுக்குப் புரியாம இருந்ததாலதான் அந்தப் பசங்களுக்குப் புரியுது. அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்."

அதோடு விடவில்லை. விட்டுப்போன விஷயங்களை எல்லாம் கேமரா முன் உட்கார்ந்து சொல்லி முடித்தால்தான் ரிலீவிங் லெட்டர் என்றார். அது இல்லாமல் இன்னொரு கம்பெனியில் யாரும் உள்ளே விட மாட்டார்கள். ஆறு பேருக்கும் அது தெரியும். நான் கேள்வி கேட்க வேண்டும், அவர்கள் பதில் சொல்ல வேண்டும். நான் முடியாது என்றேன். "சரி, நானே கேக்கறேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் அக்கா. எம்.டி. கேட்ட கேள்விகளுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. அவருக்கு அந்த மென்பொருள் உள்ளே எப்படி இருக்கிறது என்றே தெரியாது. ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். கேட்டதையே கேட்டார். அக்கா சொன்னதையே சொன்னார். கடைசியில் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீயே கேளும்மா. இவர் கேட்டா தீபாவளி வந்துடும். எனக்கு ஆத்துக்குப் போணும்."

நான் கேட்டேன். பில் இல்லாமல் புடவை திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அக்கா கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். எதையாவது மறைத்துவிடுவார், எதையாவது மாற்றிச் சொல்லிவிடுவார் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். அவர் ஒன்றையும் விடவில்லை. நான் கேட்க மறந்ததையும் சேர்த்துச் சொன்னார். முடித்ததும் புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தப்பாச் சொன்னா கவுன்ட்டர்ல நிக்கற பொண்ணுதான் திட்டு வாங்குவா," என்றார். அதுவும் பதிவாகியிருக்கும்.

மீதி நாட்களில் சாப்பாட்டு வேளையில் வடபழனிக்காரரோடு யாரும் உட்காரவில்லை. அவர் டப்பாவோடு வந்து அமர்ந்ததும் மற்றவர்கள் எழுந்து வேறு மேஜைக்குப் போனார்கள். ஒருநாள் அக்கா மட்டும் அவர் எதிரில் போய் நின்றார். மன்னித்துவிட்டாரோ என்று எல்லோரும் பார்த்தோம்.

"அவர்கிட்ட போய்ச் சொன்னியே, உனக்கு என்ன குடுத்தார்?"

"ஒண்ணியும் இல்ல மாமி. நன்றின்னார்."

"அதை வச்சுண்டு தங்கைக்குக் கல்யாணம் பண்ணு," என்று சொல்லிவிட்டு அக்கா நகர்ந்துவிட்டார். வடபழனிக்காரர் தலை குனிந்தபடி சாப்பிட்டார். எல்லோரையும் சிரிக்க வைத்த ஆள் அதன்பின் கடைசி நாள் வரை ஒரு வார்த்தைகூடப் பேசி நான் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை எங்கள் யாருக்கும் வரவில்லை.

லெட்டர்கள் வந்தன. அக்காவுடையதில், புரோகிராம் எழுதியவர் என்றே தெரியாதபடி, அவர் பதவியை 'சோதனை உதவியாளர்' என்று போட்டிருந்தார்கள். மாற்றித் தரச் சொல்லி அவர் இரண்டு முறை போனார். இரண்டு முறையும் ரிசப்ஷனில் உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிடவில்லை.

எனக்கு வேறு வேலை சீக்கிரமே கிடைத்தது. பாலவாக்கத்தில் ஒரு சிறிய கம்பெனி. மருந்துக் கடைகளுக்கு இதே மாதிரி மென்பொருள் செய்கிறார்கள். திரும்பி வரும் சரக்கைப் பற்றித் தெரிந்த ஆள் வேண்டும் என்று பேச்சு வந்ததும் நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். உடனே அழைத்து வரச் சொன்னார்கள். ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை நேரில் போனேன்.

அக்கா மரக்கதவைத் திறந்தார். வெளியே இருந்த இரும்புக் கதவைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றே நான் சொன்னதை எல்லாம் கேட்டார். கொஞ்சம் இளைத்திருந்தார். கையில் ஈரம் இருந்தது.

"நல்ல இடம்க்கா. நல்ல மனுஷங்க. லெட்டரைப் பத்தி அவங்க கவலைப்படல. நான் எல்லாம் சொல்லிட்டேன்."

"நீ நல்ல பொண்ணுதான்," என்றார். "எனக்கு உன் மேல ஒரு கோபமும் இல்லை. நீயும் ஏமாந்தவதான், எனக்குத் தெரியும்."

"அப்ப வாங்கக்கா."

"உன் முகத்தைப் பாத்தா எனக்கு அந்த ரூம்தான் ஞாபகம் வரது. நின்னுண்டே தேடினேனே, அது. நீ கேக்கக் கேக்க நான் சொல்லிண்டே இருந்தேனே, அது. நான் என்ன பண்ணட்டும்? இனிமே நீ எந்த ஃபிரேம்வொர்க்கைச் சொல்லிக் குடுத்தாலும் எனக்கு அந்த மனுஷன் டீ குடிக்கறதுதான் தெரியும்." குரல் உடையவில்லை. எனக்கு அந்த ஃபிரேம்வொர்க்கில் ஒரு சந்தேகத்தை விளக்குகிறவரைப் போல நிதானமாகச் சொன்னார். "இனிமே இங்க வராதே. ஃபோனும் பண்ணாதே."

உள்ளே ஹாலில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. "யாரு வாசல்ல?" என்றார் கணவர்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "யாருமில்லை. யாரோ வேற ஆத்துக்குப் போறவா, தப்பா இங்க வந்துட்டா."

மரக்கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றிருந்துவிட்டு நான் கீழே இறங்கினேன்.